ஊர் சுற்றிய கன்வர்ட்டர்

"இந்த வெல்டிங் யார் போட்டது?"

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, ஒரு லாரியின் அடியிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் ஓர் இளம் இன்ஸ்பெக்டர். தரையில் வெட்டிய பள்ளத்துக்குள் டார்ச்சோடு இறங்கி, தலைக்கு மேலே நின்ற லாரியின் வயிற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். குரலில் சந்தேகம் துளியும் இல்லை. பாராட்டுதான் இருந்தது.

பாராட்டுக்குப் பயந்து ஒரு மனிதர் வியர்த்ததை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

அந்த மனிதர் ஏழுமலை. லாரியின் சொந்தக்காரர், டிரைவரும் அவரே. திருமுல்லைவாயிலில் என் வீட்டை ஒட்டிய காலிமனை அவருடையது. என் மனையும் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நிலம்தான். அதனால் யார் யாருக்கு இடைஞ்சல் என்ற கேள்வியை நாங்கள் இருவரும் நாகரிகமாகத் தவிர்த்துவிடுவோம்.

அந்தக் காலிமனையில்தான் லாரி நிற்கும். ஆறு சக்கரம், பதினோரு வயது. தினமும் காலை ஆறு பத்துக்கு ஸ்டார்ட் ஆகும். ஆறு பதினொன்றுக்கு என் சமையலறை ஜன்னலில் உலகம் மறையும். என் காபிக்கு டீசல் வாசனை எந்த அளவு பழகிவிட்டது என்றால்... லாரி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் காபி சப்பென்று இருக்கும்.

ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஏழுமலை ஜன்னலையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். நிறைய யோசித்துவிட்டு, ஜன்னலுக்கு ஒரு கண்ணாடிக் கதவு போட்டுத் தருவதாகச் சொன்னார். சொன்னபடி போட்டும் கொடுத்தார். நல்ல மனிதர் — அதில் எனக்கு இன்றுவரை மாற்றுக் கருத்து இல்லை.

லாரி வாங்கியபோது அதன் புகைக்குழாயில் ஓர் இரும்பு டப்பா இருந்தது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்று பெயர். உள்ளே தேன்கூடு மாதிரி ஓர் அமைப்பு. அதன் மேல் விலை உயர்ந்த ஏதோ ஓர் உலோகப் பூச்சு. எஞ்சினிலிருந்து வரும் புகை அந்தக் கூட்டுக்குள் நுழைந்து வந்தால், அதிலுள்ள விஷத்தில் கணிசமான பங்கு அங்கேயே முறிந்துவிடும்.

நல்ல பொருள்தான். ஆனால் ஒரு குறை உண்டு. வண்டி ஓட்டுகிறவருக்கு அதனால் தனிப்பட்ட லாபம் எதுவும் கிடையாது. லாபம் எல்லாம் பின்னால் வருகிறவருக்கு. பின்னால் வருகிறவருக்காக இந்த ஊரில் இதுவரை யார் என்ன செய்திருக்கிறோம்?

மூன்று வருடங்களுக்கு முன் பூந்தமல்லி மேம்பாலத்தில் முழு லோடோடு ஏறும்போது லாரி திணறியது. ஏழுமலை அதைத் தாமுவிடம் கொண்டுபோனார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் சைலன்சர் வேலைக்கென்றே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். நீண்ட நாள் வாசகர்களுக்கு அவரைத் தெரியும். என் பழைய காருக்கு மறுபடி உயிர் வந்த கதையை இதே பத்தியில் எழுதியிருந்தேன். காலையில் விட்டேன், மாலையில் எடுத்தேன், கார் சீறிக்கொண்டு பாய்ந்தது, இவர் மெக்கானிக் இல்லை, வைத்தியர் என்றெல்லாம். விலாசம் கேட்டுப் பலர் எழுதினீர்கள். கொடுத்தேன்.

வைத்தியர் லாரிக்கு அடியில் படுத்தார். கன்வர்ட்டரை ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினார். மொத்தென்றது.

"உள்ள அடைச்சிகினு கீது நைனா," என்றாராம். "மூக்குல துணிய வெச்சிகினு ஓடச் சொன்னா நீ ஓடுவியா? இதுவும் அப்டித்தான்."

இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன விளக்கம் வேண்டும்? டப்பா கழன்றது. அந்த இடத்தில் நேராக ஒரு குழாய் ஏறியது. பிக்கப் வந்தது. மைலேஜும் வந்ததாக ஏழுமலை நம்பினார். சத்தம் — அது கேட்காமலே வந்தது.

கழற்றிய டப்பாவை என்ன செய்ய என்று தாமு கேட்டிருக்கிறார். ஏழுமலை சொன்ன பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

"தூக்கிக் கடாசு."

அதற்குப் பிறகும் எஃப்.சி. பிரச்சினை இல்லாமல் வந்துகொண்டிருந்தது. எஃப்.சி. என்றால் வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று வருடாவருடம் வாங்கும் சான்றிதழ். எங்கள் பக்கத்தில் அது கிட்டத்தட்ட ஒரு கல்யாணம். ஒரு வாரம் முன்பே வண்டிக்குப் பெயின்ட் அடிப்பார்கள். நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டுவார்கள். பிரிக்கப்படாத பஞ்சு உருளையோடு ஒரு முதலுதவிப் பெட்டி லாரிக்கு லாரி துணைக்குப் போய்வரும். மாப்பிள்ளை வீட்டாரும் நகையைப் பார்த்தார்களே தவிர, உரசிப் பார்த்ததில்லை.

இந்த வருடம் உரச ஆரம்பித்துவிட்டார்கள். பூந்தமல்லி தாண்டிப் புதிதாக ஒரு டெஸ்டிங் சென்டர். பள்ளம், கேமரா, புகையை அளக்க மெஷின். கன்வர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் இருந்தால் வண்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

ஏழுமலைக்கு இது சின்ன விஷயம் இல்லை. எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு எட்டு வருடமாக உதிரிப் பாகங்கள் ஏற்றுகிறார். அங்கே புது மேனேஜர் வந்திருந்தார். எஃப்.சி. காலாவதியான வண்டிக்கு கேட் திறக்காது என்பது அவர் போட்ட முதல் விதி. இரண்டு நாள் வராத வண்டியின் இடம் அடுத்த வண்டிக்குப் போகும் என்பது இரண்டாவது. கேட்டுக்கு வெளியே அந்த இடத்துக்காக ஏற்கெனவே மூன்று லாரிகள் காத்திருந்தன.

ஏழுமலையிடம் இருப்பது ஒரே லாரி. லாரியிடம் இருப்பது ஒரே கம்பெனி.

புதுக் கன்வர்ட்டர் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்தார். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை என்று அவர் மனைவி சாந்தி சொன்னார்.

வழி சொன்னவர் தாமுதான். அவரிடம் ஓர் அசல் கன்வர்ட்டர் இருக்கிறதாம், கூடு கலையாதது, இதே மாடல் லாரிக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துமாம். எஃப்.சி. அன்று காலையில் மாட்டிக்கொண்டு போய், சான்றிதழ் கையில் வந்ததும் திரும்பக் கொண்டுவந்து கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். வாடகைதான். புது சென்டர் திறந்ததிலிருந்து அது ஓய்வில்லாமல் போய்வந்துகொண்டிருக்கிறதாம்.

டயரை இரவல் கொடுக்கும் ஊர் கன்வர்ட்டரை இரவல் கொடுப்பதில் ஆச்சரியம் என்ன?

என்னையும் துணைக்குக் கூப்பிட்டார் ஏழுமலை. "நீ சும்மா வந்து நின்னா போதும்க்கா. பேப்பர் ஆளு கூட வந்துகீதுன்னா ஒரு இது இருக்கும்." நான் பேப்பரில் முழுநேர வேலையை விட்டு ஆறு வருடமாகிறது, அந்த 'ஒரு இது' எல்லாம் தீர்ந்துபோயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. போனேன். சமையலறை ஜன்னலுக்கு விடிவு பிறக்குமா என்று பார்க்க எனக்கும் ஆசை இருந்தது.

சென்டர் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. எல்லாம் புதுப் பெயின்ட். அவற்றின் டிரைவர்கள் விரல் நகங்களில் அவரவர் லாரியின் நிறம். எதிரே ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் ஜாக்கி ஓயவில்லை. டெஸ்ட் முடிந்து வந்த லாரியின் டயர்கள், டெஸ்டுக்குப் போகிற லாரிக்கு மாறிக்கொண்டிருந்தன.

முதலில் புகை டெஸ்ட். புகைக்குழாயில் ஒரு குழலைச் செருகி, ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார்கள். திரையில் ஓர் எண் ஏறியது. ஏழுமலை திரையைப் பார்க்கவில்லை, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த மாங்காட்டு அம்மனைப் பார்த்தார். வரம்புக்குக் கொஞ்சம் கீழே எண் நின்றது.

அடுத்து பள்ளம். அங்கேதான் அந்தக் கேள்வி வந்தது.

கன்வர்ட்டரை லாரியின் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டைத்தான் இன்ஸ்பெக்டர் கேட்டார். ஏழுமலை குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். தேவைக்கு இரண்டு மடங்கு கனமான இரும்புத் தகடு. ஓரமெல்லாம் மீன் செதில் அடுக்கினாற்போல் வெல்டிங். மூலையில் சின்னதாக ஓர் எழுத்தும் எண்ணும் குத்தியிருந்தது. கே முப்பத்தொன்று.

கோயிலில் காணாமல்போன செருப்பை, மூன்று வருடம் கழித்துத் தன் காலிலேயே பார்த்தவர் முகம் எப்படி இருக்கும்? ஏழுமலையின் முகம் அப்படி இருந்தது.

அந்த பிராக்கெட்டைச் செய்தவர் குமரேசன். சாந்தியின் தம்பி, ஏழுமலைக்கு மச்சான். ஆவடியில் ராணுவத் தளவாட ஃபேக்டரியில் வெல்டர், குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார். நாலு வருடம் முன்பு மாங்காடு ரோட்டில் ஒரு வேகத்தடை, லாரியின் பழைய பிராக்கெட்டை உடைத்துவிட்டது. குமரேசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து புதிதாகச் செய்து மாட்டிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் தன் எண்ணைக் குத்தினார். ஃபேக்டரியில் அது வழக்கம். எந்த வெல்டிங் எப்போது விரிசல் விட்டாலும் போட்டவர் யார் என்று தெரிய வேண்டும். குமரேசனுக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. அக்கா வீட்டு கிரில் கதவிலும் கே முப்பத்தொன்று இருக்கிறது. துணி காயப்போடும் ஸ்டாண்டிலும் இருக்கிறது.

ஆக, ஏழுமலை வாடகைக்கு எடுத்து வந்தது ஏழுமலை கடாசச் சொன்ன டப்பா. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்பார்கள். இவர் எறிந்தது சீலையை. இரவலாக வந்ததும் அதே சீலை.

ஆனால் இதை அங்கே வாய் திறந்து சொல்ல முடியுமா? 'இது என்னுது' என்றால், 'இத்தனை நாள் எங்கே இருந்தது?' என்பது அடுத்த கேள்வி.

பள்ளத்திலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் மறுபடி வந்தது. "அண்ணே, போன வாரம் ரெண்டு வண்டியில இதே நம்பர் பார்த்தேன். யாரு இது?"

வரிசையில் நின்ற மற்ற டிரைவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

ஏழுமலை தொண்டையைச் செருமினார். "எங்க மச்சான் சார். ஆவடி ஃபேக்டரில வெல்டரா கீறாரு. அது அவரு நம்பரு. போடுற எல்லாத்துலயும் குத்துவாரு."

நாலு வாக்கியம். நாலும் உண்மை. முப்பது வருடம் பிரஸ் மீட்டுகளில் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய பெரிய ஆட்களுக்குக்கூட இந்தத் திறமை வாய்த்துப் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் மேலே ஏறிவந்தார். தன் வீட்டு கேட் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது, அந்த மச்சானின் போன் நம்பர் கிடைக்குமா என்று கேட்டார். ஏழுமலை கொடுத்தார். சரியான நம்பர்தான். பத்து நிமிடத்தில் சான்றிதழ் அச்சாகி வந்தது.

திரும்பும் வழியில், அம்பத்தூரை நெருங்கும்போது, ரோட்டைப் பார்த்தபடியே ஏழுமலை சொன்னார்: "அக்கா, அது என்னுது."

தெரியும் என்றேன்.

பட்டறையில் தாமு ஜாக்கியோடு தயாராக நின்றிருந்தார். பக்கத்தில், அதே மாடல் லாரியோடு, மாங்காட்டிலிருந்து தண்ணீர் கேன் ஏற்றும் பாஸ்கர். அவருக்கு டெஸ்டிங் சென்டரில் மூன்று மணிக்கு ஸ்லாட்.

ஏழுமலை லாரியிலிருந்து இறங்கவில்லை. ஜன்னல் வழியாகவே சொன்னார்.

"தாமு, இது என் டப்பா."

"யாரு இல்லன்னது?" என்றார் தாமு. குரல் ஏறவில்லை. "உன்னுதா கண்டிதான் உனுக்குக் கரெக்டா பொருந்திச்சி."

"என் பொருள எனுக்கே வாடகைக்கி உடுறியா?"

"பொருளுக்கா வாங்கனேன்? மூணு வருஷமா மழையில நனையாம வெச்சிகினு இருந்தேனே, அதுக்கு. அன்னிக்கி இன்னா சொன்ன நீ? தூக்கிக் கடாசுன்னு சொன்னியா இல்லியா? தோ, மேடம் கீறாங்க, அவங்கள வெச்சிகினு சொல்லு."

தாமுவே தொடர்ந்தார். அந்தச் சமயத்தில் கழற்றிய மற்ற கன்வர்ட்டர்கள் எல்லாம் உள்ளே இருக்கும் உலோகத்துக்காகப் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் போய்விட்டனவாம். இது மட்டும் மிஞ்சியதற்குக் காரணம் குமரேசனின் பிராக்கெட். எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அசையாத வேலை. அதை உடைத்து எடைக்குப் போட மனசு வரவில்லையாம்.

பேச்சுவாக்கில் தொழில் நுணுக்கமும் சொன்னார். லாரியில் டப்பாவையே கழற்றிவிடுவது வழக்கம். காரில் அப்படி இல்லை. "காரா இருந்தா டப்பாவ அப்டியே உட்டுட்டு, உள்ள கூட்ட மட்டும் நோண்டிட்டு மூடிடுவேன். பாக்கறவனுக்குத் தெரியாது. தட்னாதான் தெரியும். கூடு இருந்தா மொத்துன்னும், இல்லன்னா டங்குன்னும்..."

அங்கே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு ஜாக்கியைப் பார்த்தார்.

எனக்கும் அப்போது திடீரென்று பட்டறையின் கூரை மிகவும் சுவாரஸ்யமாகத் தெரிந்தது.

பாஸ்கருக்கு அவசரம். லாரியின் படியில் ஒரு காலை வைத்து ஏறி, ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாத்தே, மூணு மணிக்கி ஸ்லாட்டு. இத்த உட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது. சாயங்காலம் உன் கையில கொணாந்து குட்துடறேன். காலைல நீ எப்டி வந்து நின்ன, அப்டித்தான் நான் இப்ப நிக்கறேன்."

கடைசி வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் ஏழுமலை மறுத்திருப்பார் என்று நினைக்கிறேன். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். பிறகு இறங்கினார். டப்பா கழன்றது.

சொன்ன சொல் தவறாமல் பாஸ்கர் அன்று மாலையே அதைக் காலிமனைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் காலை என் காபியில் காபி வாசனை வந்தது. சந்தோஷம் நாலு நாள் நீடித்தது.

ஐந்தாம் நாள் ஒருவர் வந்தார். பாஸ்கரின் சித்தப்பா மகன், அதே மாடல் லாரி. அடுத்த வாரம் வேறொருவர். பாஸ்கருக்குக் கொடுத்துவிட்டு இவர்களுக்கு எப்படி இல்லை என்பது? ஏழுமலை வாடகை வாங்கவில்லை. அது தாமு செய்கிற வேலை, நான் அப்படி இல்லை என்றார். இலவசம் என்றானதும் வரிசை நீண்டது. கன்வர்ட்டர் வீட்டில் இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்பதை என் காபி சொல்லிவிடும். பெரும்பாலும் வெளியேதான்.

இன்ஸ்பெக்டர் குமரேசனுக்கு போன் செய்தது இந்தக் கட்டத்தில்தான். வீட்டு கேட்டைப் பற்றிப் பேசிவிட்டு, போகிறபோக்கில் பாராட்டினாராம்: உங்க பிராக்கெட்டை இதுவரைக்கும் ஆறு லாரியில பார்த்துட்டேன் சார், எல்லாம் ஒரே தரம்.

குமரேசன் தன் வாழ்நாளில் லாரிக்கென்று செய்த பிராக்கெட் ஒன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் காலிமனைக்கு வந்தார். கன்வர்ட்டர் அன்று ஊரில் இருந்தது, லாரிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கின் மேல். ஏழுமலை போட்டுக் கொடுத்த கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. கதவை மூட வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

"மாமா, நான் எத்தனை பிராக்கெட் போட்டுக் குடுத்தேன்?"

"ஒண்ணு."

"ஆறு பார்த்தேன்னு சொல்றாரு அந்த சார்."

"ஆறும் ஒண்ணுதான் மச்சான்."

ஏழுமலை முழுக்கச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. குமரேசன் சாக்கின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிராக்கெட்டை விரலால் தடவிக்கொண்டே கேட்டார். சாந்தி வாசலில் வந்து நின்றார். அவருக்கும் தெரியும்: தம்பி அந்த இன்ஸ்பெக்டரிடம் உள்ளதைச் சொன்னால் எஃப்.சி. போகும், எஃப்.சி. போனால் கேட் மூடும், மூன்றாம் நாள் அந்த இடத்தில் வேறொரு லாரி நிற்கும். தம்பி பொய் சொல்ல மாட்டான் என்பதும் தெரியும். வீட்டுச் சமையலில் உப்பு குறைந்தால்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுகிறவர்.

பிராக்கெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் குமரேசன் சொன்னார்: "நீங்க என்னமோ செஞ்சுக்கங்க மாமா. ஆனா என் நம்பர் இருக்கற எடத்துல பொய் இருக்கக் கூடாது. இருபத்தாறு வருஷ சர்வீஸ்."

இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் ஒன்று கேட்டார். தாமுவின் பட்டறையிலிருந்து வந்தது. குமரேசன் கண்ணாடி போட்டுக்கொண்டு, அதைப் பிராக்கெட்டின் மூலையில் வைத்தார். தீப்பொறி பறந்தது. இரண்டு நிமிடத்தில் கே முப்பத்தொன்று இருந்த இடம் பளபளவென்று ஆகிவிட்டது. அதன் மேல் கொஞ்சம் கறுப்புப் பெயின்ட்.

அதோடு எழுந்திருக்கலாம். ஆனால் அவர் கண்ணில் போல்ட்டுகள் பட்டுவிட்டன. இத்தனை முறை கழற்றி மாட்டியதில் திருகு தேய்ந்திருந்தது. மட்டமான வேலையைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார முடியாது. தன் பையிலிருந்து நல்ல போல்ட்டுகளை எடுத்து, துளைகளையும் சரிசெய்து கொடுத்தார். டப்பாவைக் கழற்றி மாட்ட முன்பு அரைமணி ஆகும், இப்போது பத்து நிமிடம்.

பிறகு எல்லோர் முன்னிலையிலும் இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டார். "சார், நான் போட்டுக் குடுத்தது ஒண்ணுதான். இப்ப நான் விசாரிச்சுட்டேன். என் நம்பர் குத்தின பிராக்கெட் எந்த லாரியிலயும் கிடையாது சார்."

இன்ஸ்பெக்டர் புத்திசாலி, உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். யாரோ ஒருவன் குமரேசனின் எண்ணைத் திருடித் தன் வேலையில் குத்திக்கொள்கிறான். இனி பள்ளத்துக்குள் கே முப்பத்தொன்று கண்ணில் பட்டால் அந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிடப் போவதாக வாக்குக் கொடுத்தாராம்.

இன்றுவரை தேடிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த டப்பாவை அடையாளம் காட்ட இருந்தது ஒரே ஒரு சாட்சி. அதை அழித்தவர், இந்தக் கதையில் எல்லோரையும்விட நேர்மையான மனிதர்.

பழைய தொழில் புத்தி போகவில்லை. இதில் பொய் சொன்னவர் யார் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஏழுமலை சொன்னது உண்மை. தாமுவும் உண்மையைத்தான் சொன்னார், கொஞ்சம் அதிகமாகவே. குமரேசனுக்குப் பொய் வராது. மெஷின் காட்டிய எண் சரி. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டபோது கன்வர்ட்டர் கண்ணெதிரே இருந்தது. இத்தனை உண்மைகளையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு முழுப் பொய் கிடைக்கிறது. அதற்கு மட்டும் சொந்தக்காரர் யாரும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை காலை எஸ்டேட் பக்கம் ஒரு வேலையாகக் காரில் போனேன். முன்னால் ஏழுமலையின் லாரி. புறப்படும்போதே கேட்டிருந்தேன், கன்வர்ட்டர் எங்கே என்று. "ஆவடிக்குப் போய்கீதுக்கா. நாளைக்கி வந்துடும்," என்றார், மாமியார் வீட்டுக்குப் போன பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல.

லாரி கம்பெனி கேட்டில் நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. கறுப்பாக ஒரு மேகம் எழுந்து, கேட்டையும் செக்யூரிட்டியையும் புது மேனேஜர் வைத்த விதிமுறைப் பலகையையும் மூடியது. செக்யூரிட்டிக்காரர் ஒரு கையால் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, மறு கையால் எஃப்.சி. காகிதத்தை வாங்கினார். கண்ணில் நீர் வழிய, ஒரு வரி விடாமல் படித்தார். இருமினார். மறுபடி விட்ட இடத்திலிருந்து படித்தார்.

காகிதம் சுத்தமாக இருந்தது. கேட்டைத் திறந்துவிட்டார்.

ஏழுமலையின் எட்டு வருட இடம் அவருக்கே நிலைத்தது. அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பின்னால் நின்ற நான் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தேன். கார் சீறிக்கொண்டு கிளம்பியது.

அதன் டப்பாவை இன்னும் தட்டிப் பார்க்கவில்லை. பிக்கப் அருமையாக இருக்கிறது.